புடவைக் கடைக்கு ஒரு வலைத்தளம்

"பௌதிகம் படிக்கக் காசிக்கு வந்தவருக்குப் புடவைக் கடையில் என்ன வேலை?" என்று சங்கத்து நண்பர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் இரண்டு மாதம் நிலுவையில் நின்றது, வேலை தேடி வந்தது, ஒப்புக்கொண்டேன். இத்தகைய வேலையை இனி ஏற்கும் தம்பி தங்கையருக்கு உதவக்கூடும் என்றெண்ணி, அதில் நான் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு ஆவணியில், பனாரசிப் புடவை வியாபாரி ஒருவர் தம் கடைக்கு வலைத்தளம் வேண்டும் என்றார். தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். காசி யாத்திரைக்கு வரும் நம்மவர் அவரிடம் நிறைய வாங்குவதால், இந்தியோடு தமிழிலும் பக்கங்கள் வேண்டும். "பேட்டா, சின்ன வேலைதானே!" என்று மண் குவளையில் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். நானும் என் அறைத் தோழரான கணிதத் துறைத் தம்பியும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். காகிதத்தில் ஒரு வரியும் எழுதிக்கொள்ளவில்லை. பின்னர் வந்த பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை அதுவே.

எனக்கு வலைத்தளம் என்றால் ஐந்தாறு பக்கம். அவருக்கோ அது இன்னொரு கடை! முதல் வாரம் புடவைக்கு விலை போடச் சொன்னார். அடுத்த வாரம் அங்கேயே பணம் வாங்க வேண்டும் என்றார். பணம் வாங்கினால் ரசீது, ரசீது வந்தால் இருப்புக் கணக்கு. கேட்கும்போது கடுகு, செய்யும்போது பூசணிக்காய். எது உண்டு, எது இல்லை, எத்தனை முறை திருத்தலாம், புதிதாகக் கேட்டால் எவ்வளவு கூடுதல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் முகம் கோணாமல் மறுத்திருக்கலாம்.

அந்தத் தாளுக்கு வேறு பயனும் உண்டு. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பே. (தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்!) சம்பளக்காரராக இன்றி வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவருக்கே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை. அதை மற்றவருக்கு மாற்றித் தருவதும் எழுத்து மூலமாகவே செல்லும்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று அவர் தந்த கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை; ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை! யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே அது தமிழ். யூனிகோடிலோ தமிழுக்கெனத் தனி இடம் உண்டு. எழுத்துரு எதுவென்று தெரியாமையால் பதினான்கு பக்கத்தையும் நாங்களே தட்டச்சு செய்தோம். தில்லியில் வளர்ந்த தம்பி 'பட்டு' என்பதையெல்லாம் 'பாட்டு' என்று அடித்து வைத்தது தனிக்கதை. படங்கள் நாற்பது, ஒவ்வொன்றும் 8 மெகாபைட், மொத்தம் 320. கைப்பேசியில் அவை இறங்குவதற்குள் முகூர்த்தமே கடந்துவிடும். ஒவ்வொன்றையும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினோம்.

புரட்டாசி பிறந்தும் பாதி வேலை முடியவில்லை. பதறிப்போய் இன்னும் இருவரைச் சேர்த்தேன். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதமே கூடும் என்பது பிரெடரிக் புரூக்ஸ் 1975 இல் வெளியிட்ட நூலின் புகழ்பெற்ற கருத்து. இருவர் என்றால் பேச்சுவழி ஒன்று. நால்வர் என்றால் ஆறு. சொல்லிக் கொடுப்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. ஒருவர் திருத்தியதை மற்றவர் அழித்தார். 'கிட்' என்னும் கருவி ஒவ்வொரு திருத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும். அதை நாங்கள் அழுத பிறகுதான் எடுத்தோம்.

இவ்வளவும் பொறுக்கலாம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு எல்லாம் ஆயத்தம். டொமைன் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று வியாபாரி சொல்லியிருந்தார். இருந்தது; ஆனால் முன்பு வேலை செய்த எவரோ அதைத் தம் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் ஊரில் இல்லை. தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. பதிவுக் கணக்குக்குள் புகுந்தாலன்றி, அப்பெயர் எந்தக் கணினியைச் சுட்ட வேண்டும் என்பதை மாற்ற இயலாது. வீடு கட்டிவிட்டோம், சாவி யாரிடமோ. தீபாவளி போயிற்று. அன்று வியாபாரி தேநீர் சொல்லவில்லை.

பின்னர் வேறு பெயரை அவர் மின்னஞ்சலிலேயே, அவர் பணத்திலேயே பதிந்தோம். கடைப் பைகளையும் சீட்டுகளையும் அவர் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. 2025 தையில் தளம் வெளிவந்தது. பேசிய தொகையில் பாதிதான் தந்தார். முன்பணமும் வாங்கவில்லை, வாதாட என்னிடம் தாளும் இல்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. டொமைன் யார் கையில் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுக் கட்டணம் தீர்ந்தது. தம்பியின் பங்கில் இன்னும் கடன் இருக்கிறது.

இப்போது ஓர் இசைப் பள்ளிக்கு வேலை வந்திருக்கிறது. தொடங்கும்போது ஒரு பங்கு, வடிவத்தை ஒப்புக்கொள்ளும்போது ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது ஒரு பங்கு என்று மூன்று தவணை. ஒப்பந்தத் தாளைத் தம்பியே எழுதியிருக்கிறார். அதன் படி வேண்டுவோர் மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் அறைக்கு வரலாம். தேநீர் மட்டும் அவரவர் செலவு.