மல்லர் கூடத்து ஆசாரங்கள்

செஞ்சிக்கு அருகே தளவானூரில், பஞ்சபாண்டவ மலை என்று ஊரார் அழைக்கும் குன்றைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் சிவபெருமானுக்கு எடுப்பித்த கோயில், முகப்பிலே மகர தோரணம் விளங்க இன்றும் நிற்கிறது. சத்ருமல்லேசுவராலயம் என்பது அதன் பெயர். இசையிலும் சித்திரத்திலும் நாடகத்திலும் மனம் தோய்ந்த அந்த அரசன், தன் விருதுகள் பலவற்றுள் சத்ருமல்லன் என்னும் விருதையே இங்கே ஈசனுக்கும் சூட்டி மகிழ்ந்தான். அவன் மகன் நரசிம்மவர்மனோ மாமல்லன் என்றே பெயர் பெற்று, கடற்கரையில் ஒரு பட்டினத்துக்கும் அப்பெயரை விட்டுச் சென்றான். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த செஞ்சிக் கோட்டையிலும், தானியக் களஞ்சியத்தின் அருகே, வீரர்களின் வியாயாம சாலை என்று ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். மேலே ஏறி ராஜகிரிக் குன்றைப் பார்க்கும் ஆவலில் பெரும்பாலோர் அதைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்று இப்பகுதிப் பிள்ளைகள் சிலம்பமும் கராத்தேயும் டேக்வாண்டோவும் பயில்வது கோட்டைக்குள் அன்று. பள்ளி மைதானத்திலோ, வாடகைக் கட்டடத்தின் மாடியிலோ, துண்டு துண்டாகக் கோத்து விரித்த ரப்பர் விரிப்பின்மேலோதான். மண் போய் விரிப்பு வந்ததை நான் குறை கூறவில்லை. ஆனால் மண்ணோடு சேர்ந்து போன சில நியமங்கள் எவை, அவற்றின் இடத்தில் நாம் எவற்றை வைத்தோம் என்று கேட்பது அவசியம்.

சிலம்பக் கூடத்துச் சம்பிரதாயத்தைப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவி, களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆசானை வணங்கி, அவர் அனுமதி பெற்றே சிஷ்யன் கம்பைக் கையில் எடுக்கிறான். எடுத்தவுடன் சுழற்றிவிடுவதும் இல்லை. சலாம் வரிசை என்னும் வணக்க முறையைச் செய்து முடித்த பின்னரே ஆட்டம். கிடக்கும் கம்பைத் தாண்டலாகாது, காலால் தள்ளலாகாது. குஸ்திக் கோதாவிலோ, பயில்வான்கள் தாங்களே மண்வெட்டி பிடித்து மண்ணைக் கொத்திப் புரட்டி, மஞ்சளும் எண்ணெயும் மோரும் வேப்பிலையும் கலந்து பதப்படுத்துவார்கள். மரியாதையும் சுத்தமும் அங்கே இரண்டு பாடங்களாக இருக்கவில்லை. இதைக் கண்டு, மஞ்சள் கலந்த மண்ணில் புரண்டால் ஒரு நோயும் அணுகாது என்று சிலர் பெருமிதமாகச் சொல்லக் கேட்கிறோம். அது அதிகப்படியான நம்பிக்கை. வெயிலும் காற்றும் உலர்த்திய மண் ஒருவாறு உதவியிருக்கலாம். ஆயினும் பயில்வானுக்கும் படர்தாமரை வந்தது, பயிற்சிக்குப் பின் ஸ்நானம் அவனுக்கும் விதியாகவே இருந்தது.

ரப்பர் விரிப்பின் சுபாவம் வேறு. அது வியர்வையை உறிஞ்சுவதில்லை. பொருத்துகளின் இடுக்கில் தேக்கி வைத்துக்கொள்கிறது. ஜன்னல் அடைத்த அறை, நம் ஊர் வெப்பம், அரைமணிக்கு ஒருமுறை மாறும் ஜோடிகள் ஆகிய இவை யாவும் சேரும்போது, ஒருவன் தோலில் உள்ளது மற்றவன் தோலுக்குப் போகத் தடையேதும் இல்லை. படர்தாமரைப் பூஞ்சை தேகத்தைத் தொடுவதாலும், பொதுத் துண்டாலும் விரிப்பாலும் பரவும். விரிப்பில் உராய்ந்து தோல் வழன்ற இடத்தில் சீழ்க்கட்டியை உண்டாக்கும் கிருமி எளிதாகப் புகும். அக்கியைப் போலக் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸும் மல்லர்களைத் தேடி வருவதே. 1989இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த மற்போர்ப் பயிற்சி முகாம் ஒன்றில், 175 இளைஞர்களுள் 60 பேருக்கு அது தொற்றியது. ஜப்பானில், உயர்நிலைப் பள்ளி சுமோ மாணவர்களிடையே மஞ்சட்காமாலை பி வகை பரவியதை 1982இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகையால் களத்தில் இரத்தம் கண்டால் ஆட்டத்தை நிறுத்துவது கோழைத்தனமன்று. காயத்தைக் கட்டி, விரிப்பைக் கிருமிநாசினியால் துடைத்த பின்னரே தொடர வேண்டும்.

நம் நாட்டிலே படர்தாமரைக்கு ஒரு பிரத்தியேக வரலாறு உண்டு. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால், இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடுகின்றன; பூஞ்சையோ அடங்குவதில்லை, மறைவாகப் படர்கிறது. வழக்கமான மருந்துக்கு எளிதில் பணியாத ஒரு பூஞ்சை வகைக்கு, 2020இல், இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று ஆராய்ச்சியாளர் நாமகரணம் செய்தார்கள். நாம் வேண்டிப் பெற்ற புகழன்று. களிம்பு பூசிச் சிவப்பை மறைத்துக்கொண்டு களத்தில் இறங்குகிறவன், ஆசானுக்கு எத்தனை முறை தலைவணங்கினாலும், தன் ஜோடிக்கு இழைப்பது துரோகமே. அமெரிக்கக் கல்லூரி மற்போர் விதிகள், உடம்பில் படர்தாமரை கண்டவன் குறைந்தது 72 மணி நேரம் முறையாக மருந்திட்ட பிறகே விரிப்பில் ஏறலாம் என்கின்றன. நம் கூடங்களில் அப்படி எழுதி வைத்ததைக் காண்பது அரிது. சங்கோசமே காரணம்: தோல் நோயை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம்; சொன்னவனைக் கேலி செய்கிறோம். நோயைச் சொல்லி ஒதுங்கி நிற்கும் மாணவனை எல்லோர் முன்னும் பாராட்டும் ஆசான், அந்த ஒரு வார்த்தையால், பத்து வாளி கிருமிநாசினி செய்யாததைச் செய்துவிடுவார்.

ஆசாரம் என்றவுடன், தொட்டால் தீட்டு என்ற பழைய பொல்லாப்பு சிலருக்கு நினைவு வரலாம். மற்போர்க் களமோ அதற்கு நேர் எதிர். அங்கே யாரும் யாரையும் தொட்டே தீர வேண்டும்; இன்னார் மகன் என்று பார்த்துப் பிடி போட முடியாது. எல்லோரும் எல்லோரையும் தொடுகின்ற இடமாதலால்தான், அங்கே ஒவ்வொருவரும் தம் தேகத்தைச் சுத்தமாக வைத்திருப்பது பிறருக்குச் செலுத்த வேண்டிய கடனாகிறது. ஜூடோ விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: உடை சுத்தமாகவும் உலர்ந்தும் துர்நாற்றம் இன்றியும் இருக்க வேண்டும், கைந்நகமும் கால்நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நீண்ட கூந்தலைக் கட்டியிருக்க வேண்டும்.

நமக்கே உரிய சில சங்கடங்கள் அவ்விதிகளில் இல்லை. மணிக்கட்டில் கோயில் கோயிலாகக் கட்டிய கயிறுகள் நனைந்து, அழுக்கேறி, வாரக்கணக்கில் கிடக்கும். பக்தியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பயிற்சி முடியும் வரையில் அவற்றைக் கழற்றி வைத்தால் எந்தத் தெய்வமும் கோபிக்காது. மோதிரம், மெட்டி, வெள்ளி அரைஞாண், தாயத்து ஆகியவற்றுக்கும் அதே நியாயம். அவை விரலை முறிக்கும், எதிராளியின் தோலைக் கிழிக்கும். அதே சமயம், நம்மிடம் உள்ள நல்ல வழக்கம் ஒன்றை வெளிநாட்டார் கற்றுக்கொள்ளலாம்: வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரே பாட்டிலை நால்வராக வாய்வைத்துக் குடிப்பதைக் காணும்போது, பாட்டி அதட்டியதன் அருமை விளங்குகிறது.

பாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரிப்பில் வெறுங்கால் என்பதை எல்லோரும் அறிவர். அந்த வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்த் திரும்பி வருவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வாசலில் செருப்புக் கிடப்பது வெளியே போகும்போது போட்டுக்கொள்ளத்தான். விரிப்பைத் துடைப்பதிலும் முறை உண்டு: முதலில் பெருக்கி மண்ணையும் முடியையும் அகற்ற வேண்டும், ஏனெனில் அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச்சிங் நீர் வீரியம் இழந்துவிடும், பின்பு கிருமிநாசினியைத் தடவி, சில நிமிஷம் ஈரமாகவே விட்டு, நன்றாக உலர்த்த வேண்டும். இது தினந்தோறும் நடக்க வேண்டிய காரியம்.

நடத்தையின் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிராளி போதும் என்று கையால் தட்டினால் அந்தக் கணமே பிடியை விட வேண்டும். மூத்த மாணவன் இளையவனிடம் தன் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நிலையைத் திருத்தும்போது, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவது ஆசானுக்கே முதல் மரியாதை. இம்மூன்றும் இல்லாத இடத்தில் எத்தனை வரிசை வணக்கம் செய்தும் பயனில்லை.

பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்க்க எண்ணும் பெற்றோர், சுவரில் மாட்டிய கேடயங்களையும் கோப்பைகளையும் பார்த்து மயங்காமல், மாலை வகுப்பு கலையும் வேளையில் ஒருமுறை நேரில் போய், விரிப்பை யார் துடைக்கிறார், எதைக் கொண்டு துடைக்கிறார், தோலில் புண்ணோடு வரும் பையனை என்ன செய்வீர்கள் என்று ஆசானிடமே கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கூடத்தில் சேருங்கள். மழுப்புகிற இடமானால், சற்றுத் தொலைவானாலும் வேறு கூடம் தேடுங்கள்.