மருத்துவ ஆய்வுத் துறையும் சான்றிதழ்க் கல்வியும்

ஒரு தொழிலில் அமர்ந்தவர் அதனைவிட்டு வேறொன்றை நாடுதல் முன்னாளில் அரிது. ஆசிரியராய்ப் புகுந்தவர் ஆசிரியராகவே ஓய்வு பெற்றார். மருதமுனையில் தறியிற் கை வைத்தவர் தறியிலேயே முதுமை எய்தினார். இந்நாளில் நிலைமை வேறு. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எமது கரையோர ஊர்களிலே விஞ்ஞானப் பட்டம் பெற்ற இளைஞர் பலர், கற்ற கல்விக்கும் செய்யும் தொழிலுக்கும் தொடர்பின்றி வாழ்கின்றனர். அத்தகையோர் காதில் அண்மைக்காலமாக விழும் பெயர்களுள் ஒன்று 'கிளினிக்கல் றிசேர்ச்' எனப்படும் மருத்துவ ஆய்வுத் துறை.

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருவர், உயிரியலிற் பட்டம் பெற்று அலுவலகமொன்றில் எழுதுவினைஞராய் இருப்பவர், ஒருநாள் என் இல்லம் வந்தார். நகையை ஈடுவைத்து இத்துறைச் சான்றிதழ் வகுப்பொன்றிற் சேரலாமா என்று கேட்டார். தமிழும் வரலாறும் கற்பிக்கும் நான் அன்று விடைகூற இயலாதவனாயினேன். பின்னர்த் தேடி அறிந்தவற்றையே, அவர்போன்ற பிறருக்கும் பயன்படுமென எண்ணி, ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

துறையின் இயல்பு

நோயாளரையோ நலமுடையோரையோ அவர்தம் இசைவுடன் சேர்த்து, ஒரு மருந்து அல்லது சிகிச்சை பயன் தருமா, தீங்கு விளைக்குமா என முறைப்படி அறிதலே மருத்துவ ஆய்வு. 1747 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பரிகாரம் அளித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஒப்பிட்டு அறிதல் என்னும் இம்முறை, 1948 இல் பிரித்தானியாவில் வெளியான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வில் மேலும் செம்மையுற்றது. எந்நோயாளர்க்கு எச்சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானியாது, எழுமாற்று முறை தீர்மானித்தது. தமக்குப் பிடித்த மருந்தை, தேறக்கூடிய நோயாளருக்கே கொடுத்துவிடும் சார்பு இதனால் நீங்குகின்றது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உலகறிந்த சான்றுண்டு. 1956 இல் சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. காசநோயாளரை மாதக்கணக்கிலே சனற்றோரியத்தில் வைத்தால் அன்றித் தேறார் என்பது அக்கால நம்பிக்கை. வறியோர்க்கோ அத்தனை படுக்கைகள் இல்லை. ஆகவே, ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றைப் பகுதியினரைச் சனற்றோரியத்திலும் வைத்து, இருசாரார்க்கும் ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டனர். நெருக்கமான சிறு வீடுகளில், போதிய உணவின்றி இருந்தவர்களும் மருந்தினால் நன்கு தேறினர். 1959 இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது.

இவ்வெற்றி வைத்தியர்களால் மட்டும் எய்தப்பட்டதன்று. வீடு வீடாகச் சென்று, முன்னறிவித்தலின்றி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா எனக் கண்டவர், தாள்களில் எழுதியவர், அவற்றைக் கணக்கிட்டவர் ஆகிய பலரின் உழைப்பு அது. இன்று அப்பணிகளுக்கு ஆய்வு ஒருங்கிணைப்பாளர், கண்காணிப்பாளர், தரவு முகாமையாளர், மருந்துப் பாதுகாப்பு அலுவலர் எனப் பெயர்கள் உள. வேறு தொழிலிலிருந்து வருவோர் புகுவது பெரும்பாலும் இவ்வாயில்களாலேயே.

விதிகள் பிறந்த வரலாறு

இத்துறையில் விதிகளே முதற்பாடம். அவை துயரத்திற் பிறந்தவை. நாஸி வைத்தியர்கள் சிறைக்கைதிகள்மீது நடத்திய கொடுமைகளை விசாரித்த மன்றம் 1947 இல் நூரம்பேர்க் விதிகளை வகுத்தது. தன்னிச்சையான இசைவின்றி எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்பதே அதன் முதல் விதி. அவ்விதி பிறந்த பின்னும், அமெரிக்காவின் ரஸ்கீகீயில் 1932 இல் தொடங்கிய ஆய்வொன்று, மேகநோயுற்ற கறுப்பின ஏழைகளுக்குப் பெனிசிலின் இருந்தும் கொடாது, 1972 வரை நீடித்தது. உலக வைத்திய சங்கம் 1964 இல் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. அது இறுதியாக 2024 இல் திருத்தப்பெற்றது. 1996 இல் 'நன்மருத்துவ ஆய்வு நடைமுறை' என்னும் சர்வதேச வழிகாட்டி வந்தது; ஆங்கிலத்தில் அதனை ஜீ.சீ.பீ. என்பர். நம் நாட்டிலே 2006 முதல் மருத்துவ ஆய்வுப் பதிவேடொன்று உண்டு. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்தும் அதிகாரசபை மருந்தாய்வுகளை ஒழுங்குபடுத்துகின்றது.

இவ்விதிகளுள் ஒன்று ஆசிரியராகிய எமக்குப் பழக்கமானது. வரவு இடாப்பிலே பிழையாக எழுதியதை நாம் சுரண்டி அழிப்பதில்லை. கோடிட்டு, சரியானதை எழுதி, ஒப்பமிடுகின்றோம். ஆய்வுத் தாளிலும் அவ்வாறே: முதலில் எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு, அருகே திருத்தம், திகதி, குறுங்கையொப்பம். ஓர் எண்ணை அழகுக்காக மாற்றினால், அதனை நம்பி மருந்துண்போர் ஆயிரவர்க்குக் கேடு விளையலாம்.

இருவகைச் சான்றிதழ்

சான்றிதழ் என்னும் ஒரு பெயரால் இருவேறு பொருள்கள் வழங்குவதை அறியாமையே பலர் ஏமாறுவதற்குக் காரணம். முதலாவது பயிற்சிச் சான்றிதழ்; வகுப்பிற் கற்று முடித்தார் என்பதற்குச் சான்று. ஜீ.சீ.பீ. குறும்பயிற்சி இவ்வகையது, சில மணிநேரத்தில் முடிவது, கட்டணமின்றியும் கிடைப்பது. ஆய்வொன்றிற் பணிபுரிவோர் யாவரிடமும் அது கேட்கப்படும். மாதக்கணக்கில் நடக்கும் பெருங்கட்டண வகுப்புகளும் இவ்வகையினவே. இரண்டாவது தகைமைச் சான்றிதழ். சர்வதேசத் தொழிற்சங்கங்கள் பரீட்சை நடத்தி அளிப்பது. அப்பரீட்சைக்குத் தோற்றுவதற்கே பொதுவாகத் துறையிற் பணிபுரிந்த அனுபவம் வேண்டும். எனவே, முன்னையது வாயிற்படி. பின்னையது உள்ளே நடந்து காட்டியவர்க்குரியது. முன்னையதைப் பின்னையது போலக் காட்டி விற்போரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இந்திய வரலாறு இதற்குப் பாடமாகும். 2005 இல் அங்கு மருந்தாய்வு விதிகள் திருத்தப்பெற்று, பிறநாட்டு ஆய்வுகள் பெருகின. சென்னை, பெங்களூர், மும்பாய் முதலிய நகரங்களிற் சான்றிதழ் வகுப்புகளும் பெருகின. 2013 இல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான இந்திய உச்சநீதிமன்றம் தலையிட்டது, விதிகள் இறுகின, புதிய ஆய்வுகள் சுருங்கின. சான்றிதழ் கையிலிருந்தும் பணி அரிதாயிற்று. 2019 இல் புதிய விதிகள் வந்த பின்னரே அத்துறை மீண்டும் நிலைபெறலாயிற்று. சான்றிதழ் வேலையைப் படைப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். நம் நாட்டிலோ இத்துறை அதனினும் சிறியது. பணிகள் பெரும்பாலும் கொழும்பையும் வைத்திய பீடங்களையும் சார்ந்துள்ளன.

ஆயினும் இங்கு நடந்தவை அற்பமல்ல. நஞ்சுண்டு வந்தவர்க்குக் கரித்தூள் கொடுத்தல் உயிர் காக்குமா என அறிய, 2002 முதல் 2004 வரை இலங்கை வைத்தியசாலைகளில் 4632 பேரைச் சேர்த்து ஆய்வு நடந்தது. மரணத்தைக் குறைக்கவில்லை என்ற முடிவு 2008 இல் வெளியாயிற்று. பயனில்லை என அறிதலும் அறிவே. கிராமங்களில் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்க, சமூகச் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகச் சென்ற ஆய்வொன்றின் முடிவு 2020 இல் வந்தது. பங்களாதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் 2645 பேர் அதிற் சேர்ந்தனர்.

எமது கரையோரத்தார் தரத்தக்கது

இங்கே ஒரு வினா எழுகின்றது. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ பிறந்த ஒருவர், சான்றிதழ் கற்பிக்காத எதனை இத்துறைக்குக் கொண்டுசெல்ல முடியும்? மொழியை என்பதே என் விடை.

இசைவுப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுத் தமிழாக்கப்படுவது வழக்கம். 'சோதனை மருந்து' என்று அதில் எழுதியிருந்தால், எங்களூர் முதியவர் ஒருவர்க்கு இறைவன் அனுப்பும் துன்பமே முதலில் நினைவுக்கு வரும். ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தற்ற மாத்திரையைப் 'போலி மருந்து' என்றால், தம்மை ஏய்க்கிறார்கள் என்றே கருதுவார். எழுமாற்று முறையைச் சீட்டுக் குலுக்கல் என விளக்கினால் எளிதில் விளங்கும். ஆயின் அது சூதோ என ஐயுறுவாரும் உளர். நோன்பு மாதத்திற் பகல்வேளை மாத்திரையை எப்போது விழுங்குவது, மாத்திரையின் கூடு எதனாற் செய்யப்பட்டது என அவர் கேட்பார். இவற்றுக்கு விடையறிந்து, மறுக்கும் உரிமையும் உண்டென்பதை அவர் பேச்சிலேயே சொல்லவல்லவர் அருகில் இல்லையேல், பத்திரத்தில் விழும் கைந்நாட்டு இசைவாகாது. வெறும் மைக்கறையே ஆகும்.

நானும் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். பகலிற் கற்பித்து இரவிற் கற்றேன். பட்டம் எனக்குத் தகுதி தந்தது. கற்பிக்க என்னைப் பழக்கியவர்கள் வகுப்பிலிருந்த மாணவரே. மருத்துவ ஆய்வுச் சான்றிதழும் அத்தகையதே என்பது என் துணிபு.

ஆதலின் அம்மாணவிக்கு நான் கூறியது இது: நகையை ஈடுவைக்க வேண்டா. முதலிற் குறும்பயிற்சியை முடியுங்கள். பின்னர் வைத்திய பீடமொன்றின் ஆய்விலே தரவு பதிதல் போன்ற சிறுபணியைத் தேடுங்கள். பெருங்கட்டணம் கேட்பவரிடம், நடைபெறும் ஆய்வொன்றிலே நேரிற் பயிற்சி உண்டா, முன்னர்க் கற்றோர் இன்று எங்குப் பணிபுரிகின்றனர் என்று வினவுங்கள்; விடை தெளிவில்லையேல் திரும்பி வாருங்கள். அவர் குறும்பயிற்சியை முடித்துவிட்டார். பணி இன்னும் கிட்டவில்லை. அலுவலகப் பணியை விடாதே விண்ணப்பித்து வருகின்றார். சென்ற மாதம் இசைவுப் பத்திரமொன்றின் தமிழாக்கத்தை என்னிடம் கொணர்ந்தார். இருவரும் இருந்து, தம் உம்மாவுக்கு விளங்காத சொற்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டோம். அவர் அத்தொழிலுக்கு உரியவர் என்பதை அன்று நான் கண்டேன்.