மரபுசாரா எரிசக்தி: சிறு விவசாயிக்கு எது பொருந்தும்?

அடுப்புக்கு விறகும் வரட்டியும், இறவைக்கு மின்சாரமும் டீசலும் என்றுதான் நமது கிராமங்களில் எரிசக்தித் தேவை நிறைவு செய்யப்பட்டு வருகிறது. இவற்றுள் விறகு அருகி வருகிறது. டீசல் விலை விவசாயியின் கையில் இல்லை. மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருப்போர் ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளனர். ஆகவே சூரிய ஒளி, சாண எரிவாயு, காற்று ஆகியவற்றின்பால் விவசாயிகளின் கவனம் திரும்பியிருப்பது இயற்கையே. மூலப்பொருளுக்கு விலை இல்லை என்பது இம்மூன்றுக்கும் உள்ள பொதுச் சிறப்பு. ஆனால் அதைப் பயன்படுத்தும் கருவிக்கு விலை உண்டு, பராமரிப்பு உண்டு, பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும் உண்டு. ஒரு பண்ணைக்கு ஏற்றது பக்கத்துப் பண்ணைக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல இயலாது.

சாண எரிவாயுக் கலன்

நாட்டில் நீண்ட அனுபவம் உள்ள முறை இதுவேயாகும். இரும்பு மிதவை மூடி கொண்ட காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரி முதலில் பரவியது. மூடி துருப்பிடிப்பது அதன் குறை. அக்குறையை நீக்க முழுவதும் செங்கல், சிமெண்டால் கட்டப்படும் நிலைத்த மூடி மாதிரிகள் வந்தன. அவற்றுள் 1984-ல் உருவான தீனபந்து மாதிரி செலவு குறைந்தது. ஆனால் இதில் கொத்தனாரின் கைத்திறனே எல்லாம். கூம்பின் உட்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எரிவாயு கசிந்துவிடும். பயிற்சி பெற்ற கொத்தனார் கிடைக்காவிட்டால் கட்டாமல் இருப்பதே மேல்.

ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் எரிவாயு கிடைக்கும். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர் எரிவாயு வேண்டும். எனவே தினமும் 50 கிலோ சாணம் தேவை. கொட்டிலில் கட்டித் தீனி போடும் மாடு ஒன்று சராசரி 10 கிலோ சாணம் தரும் என்று கொண்டால் 5 மாடுகள் வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாடாயின் இரவில் விழும் சாணம் மட்டுமே கைக்கு வரும். அப்போது இக்கணக்கு பாதியாகிவிடும்.

2 கன மீட்டர் எரிவாயு ஏறக்குறைய 7 கிலோ விறகுக்கும், முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான சமையல் எரிவாயுவுக்கும் சமம். அதாவது முழு அளவில் வேலை செய்யும் கலன் மாதம் ஒன்றுக்கு 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்றுக் குறைவான எரிபொருளைத் தருகிறது. இது சிறிய வரவு அன்று. இதைவிடப் பெரிய வரவு, வெளிவரும் சாணக் கரைசல். வரட்டியாக எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் செரித்த சாணத்திலோ அது அப்படியே தங்குகிறது. களை விதைகளும் பெரும்பாலும் முளைக்கும் திறனை இழந்துவிடுகின்றன. ஆனால் கரைசலை வெயிலில் பரப்பி உலர்த்தினால் தழைச்சத்தின் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாசன வாய்க்காலில் கலந்து விடுவதும், சருகுகளோடு சேர்த்துக் கம்போஸ்டுக் குழியில் இடுவதும் நல்லது.

இனி குறைகளைப் பார்ப்போம். 50 கிலோ சாணத்தைக் கரைக்கத் தினமும் 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் குடிநீருக்கே குடத்துடன் நடக்கும் ஊரில் இது பெரும் பாரம். அந்தப் பாரமும் சாணம் கரைக்கும் வேலையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. கலன் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவில் அவர்களுடைய சொல்லே முதற்சொல்லாக இருக்க வேண்டும். புகையில்லாத அடுப்பின் நன்மையை அனுபவிக்கப் போகிறவர்களும் அவர்களே. மேலும் குளிர்காலத்தில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாவதால் மார்கழி, தை மாதங்களில் எரிவாயு குறையும். முதல் தடவை கலனை நிரப்ப ஏறத்தாழ 2 டன் சாணம் தேவைப்படும். வேறு கலனிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊற்றினால் எரிவாயு விரைவில் உண்டாகும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அது வெடிக்கக் கூடியதாகையால் பற்றவைக்காமல் வெளியேற்றிவிட வேண்டும். சுத்தம் செய்வதற்காகக் கலனுக்குள் தனியாக இறங்குவது உயிருக்கு ஆபத்து.

சுடர் விட்டு விட்டு எரிந்தால் குழாயில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். நீர் வடிப்பானைத் திறந்துவிட்டால் போதும். இந்தச் சிறு வேலை தெரியாமல் கலன் கெட்டுவிட்டதென்று விறகுக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. ஆனால் கலன்கள் வீணாவதற்கு முக்கியக் காரணம் இதுவன்று. மகள் திருமணத்துக்கோ, வறட்சியில் தீவனம் வாங்க முடியாமலோ மாடுகளை விற்றுவிடுவதுதான். 5 மாடு இருந்தபோது கட்டிய கலன், 2 மாடு மிஞ்சியபின் தேநீர் போடக்கூட உதவாது. எனவே இன்றுள்ள மாடுகளை எண்ணாமல், கெட்ட ஆண்டிலும் கையில் நிற்கும் மாடுகளை எண்ணிக் கலனின் அளவை முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணிக்கை மூன்றுக்கும் கீழே போகுமானால் கலன் வேண்டாம் என்பதே எமது கருத்து.

சூரிய சக்திப் பம்புசெட்டு

சூரிய ஒளித் தகடுகளில் உண்டாகும் மின்சாரத்தைக் கொண்டு நேரடியாக மோட்டாரை ஓட்டும் முறை இது. 5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 4,800 வாட் திறனுள்ள தகடுகள் பொருத்தப்படுகின்றன. தகடுகள் 25 ஆண்டு வரை உழைக்கும். ஓடிக் கழியும் பாகம் ஏதும் அவற்றில் இல்லை. மேலும் வெயில் மிகுந்த பங்குனி, சித்திரையில் பயிருக்கும் தண்ணீர் அதிகம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடி நீர் குறையும்போது மழையே கைகொடுத்துவிடும். தேவையும் உற்பத்தியும் இப்படி ஒத்துவருவது வேறெந்த எரிசக்தியிலும் காண்பது அரிது.

எவ்வளவு நீர் கிடைக்கும் என்பது, எத்தனை உயரம் நீரை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. நல்ல வெயில் நாளில் மேற்சொன்ன 5 குதிரைத்திறன் பம்பு, 30 மீட்டர், அதாவது 100 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீரை ஏற்றும். 200 அடியானால் அதில் பாதிதான். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிறுத்த 4,000 லிட்டர் வேண்டும். காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். எனவே நீர்மட்டம் 100 அடியில் உள்ள பண்ணையில் 5 ஏக்கர் வரையிலும், 200 அடியில் உள்ள பண்ணையில் இரண்டரை ஏக்கரிலும் இதே பம்பு பயிர் காக்கும். நெல்லுக்கு, மண்ணில் இறங்கும் நீரையும் சேர்க்க வேண்டியிருப்பதால் பரப்பு இதில் பாதிக்கும் குறையும். சொட்டுநீர் அமைத்திருப்போர் அதற்கு வேண்டிய அழுத்தத்தையும் உயரத்தோடு கூட்ட வேண்டும். 1 கிலோ அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். கொங்கு நாட்டில் ஆயிரம் அடி தாண்டிய ஆழ்குழாய்க் கிணறுகள் உள்ளன. நீர்மட்டம் அவ்வளவு கீழே போய்விட்ட இடங்களில் இம்முறையை நம்பிப் பயிர் வைப்பது சரியன்று.

தகடு ஒளியில்தான் வேலை செய்கிறது, சூட்டில் அன்று. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் அதன் திறன் 0.4 சதவீதம் அளவில் குறையும். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரிக்குக் காயும்போது திறனில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். தகட்டைக் கூரையோடு ஒட்ட வைக்காமல் கீழே காற்றோடும்படி உயர்த்தி அமைப்பது இதனால்தான். தென்னந்தோப்பு வைத்திருப்போர் நிழலில் கவனமாக இருக்க வேண்டும். தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு தகட்டின் மூலையில் தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதும் திறன் குன்றும். தூசியையும் பறவை எச்சத்தையும் வாரம் ஒருமுறை விடியற்காலையில் கழுவித் துணியால் துடைத்துவிட வேண்டும். உவர்நீரில் கழுவித் துடைக்காமல் விட்டால் உப்புப் படிந்துவிடும்.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் அது தகட்டில் வருவதில்லை, மோட்டாரை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வருகிறது. மோட்டார் சுருள் எரிந்தால் சுற்றிக்கொடுக்க ஒவ்வொரு சிறு நகரத்திலும் ஆள் உண்டு. டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் ஆள் உண்டு. இப்பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அருகில் கிடைப்பது கடினம். பூப்பிடிக்கும் பருவத்தில் பத்து நாள் பம்பு நின்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலைவிட, பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்பது முக்கியம்.

கூட்டுக் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று பங்காளிகள் முறைவைத்து இறைக்கும் கிணற்றில் மின் மோட்டாரானால் காலை முறைக்கும் மாலை முறைக்கும் நீர் ஒன்றே. சூரிய பம்பில் அப்படியன்று. காலை 8 மணிக்குப் பாயும் நீரைப்போல இரண்டு பங்குக்கு மேல் நண்பகலில் பாயும். நேரத்தைப் பங்கிடாமல், ஒரு தொட்டியில் சேர்த்து நீரைப் பங்கிட்டால் வழக்கு வராது. தனிக் கிணறு உள்ளவர்களுக்கும் தொட்டியோ பண்ணைக் குட்டையோ நல்ல துணை. மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமிப்பதைவிடக் குட்டையில் நீரைச் சேமிப்பது மலிவு.

பண வரவைப் பொறுத்தமட்டில், டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கே இது அதிகம் பயன்படும். 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். பாசன நாட்களைப் பெருக்கிப் பார்த்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது விளங்கும். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அந்த இணைப்பு உள்ளவருக்குச் சூரிய பம்பினால் மிச்சமாகும் பணம் ஏதுமில்லை. இரவில் பாம்புக்கு அஞ்சி மடை திருப்பப் போக வேண்டாம் என்பதே அவருக்குக் கிடைக்கும் ஆதாயம். அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது.

இலவசமாக ஓடும் பம்பை நிறுத்த மனம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் இருக்கும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டால் கிணற்று நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கும். நீர்மட்டம் 100 அடியிலிருந்து 200 அடிக்குப் போனால் பம்பின் நீர் பாதியாகும் என்று மேலே கண்டோம். எனவே சொட்டுநீர் இல்லாமல் சூரிய பம்பு மட்டும் அமைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை.

காற்றாலை

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே காற்றாலைக்கு இடம்தான் முதல். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களை ஒட்டிய பகுதிகளில் வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று பலமாக வீசும். அங்கும் மற்ற மாதங்களில் பாசனத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். உள் மாவட்டங்களில் சிறு விவசாயி தம் பணத்தில் காற்றாலைப் பம்பு அமைப்பது இன்றைய நிலையில் தேவையற்றது.

விண்ணப்பிக்கும் முன்

மத்திய அரசு 2019-ல் தொடங்கிய குசும் திட்டத்தின் விதிகளில், பம்பின் விலையில் 30 சதவீதம் மத்திய அரசும், குறைந்தது 30 சதவீதம் மாநில அரசும் மானியமாக ஏற்க வகை செய்யப்பட்டது. 5 ஆண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்றும் விதிக்கப்பட்டது. இவ்வாண்டுக்குரிய மானிய விகிதத்தை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் தெரிந்துகொள்ளலாம். மின் இணைப்புக்குக் காத்திருப்போர், சூரிய பம்பு பெற்றால் தம் பதிவு மூப்பு என்னவாகும் என்பதையும் அங்கேயே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தில் கிணற்றின் ஆழத்தைக் கேட்டால் பலர் துளையிட்ட ஆழத்தையே எழுதிவிடுகின்றனர். பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அளவு, நீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதாகும். அதையும் மழைக்காலத்தில் அளக்காமல், சித்திரை மாதத்தில் இரண்டு மணி நேரம் பம்பை ஓட்டியபின் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.