முப்பது டிகிரி ஆட்டம்

ஸ்டீரிங்கைத் திருப்பிய பிறகும் முன்சக்கரங்கள் சற்று நேரம் அசையாமல் நிற்கும் இடைவெளிக்குப் பட்டறைகளில் 'ஆட்டம்' என்று பெயர். இது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆம் விதி. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீரிங்கின் விளிம்பில் அது 10 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம், தாராளமான சலுகைதான். ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் சாலையில் ஒரு பழைய கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அந்த 10 சென்டிமீட்டரைக் கடக்கக் கைக்குக் கால் விநாடி பிடித்தால், அதற்குள் வண்டி 4 மீட்டர் ஓடியிருக்கும்.

பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் ஸ்டீரிங் பாக்ஸுக்குள் புழுத்திருகும் செக்டர் தண்டும் இருக்கும். வெளியே டிராப் ஆர்ம், நடுக்கம்பி, எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம், டை ராடுகள், அவற்றின் முனைகளில் பந்து மூட்டுகள். ஸ்டீரிங் விகிதம் 15-க்கு 1 என்றால், முன்சக்கரத்தருகே உள்ள 1 டிகிரி தளர்ச்சி ஓட்டுநரின் கையில் 15 டிகிரியாக உணரப்படும். பழி விழுவதோ பெரும்பாலும் பாக்ஸின் மீது. அதன் மேல் திருகு கண்ணுக்குத் தெரிவதால் முதலில் அதைத்தான் முறுக்குகிறார்கள்.

தேடலைக் கீழிருந்து தொடங்குவதே சரி. டயரில் காற்று சரிபார்த்த பின் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில்; நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், அதன் புஷ் பக்கம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண் தவறவிடும் 'டக்' என்ற சிறு துள்ளலை விரல் பிடித்துவிடும். தேய்ந்த டை ராட் எண்டை மாற்றுவதுதான் வழி. கிரீஸ் அடித்தால் சத்தம் அடங்கும், தேய்மானம் போகாது. கிங் பின் புஷ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து, ரீமர் போட்டு அளவு சேர்க்கலாம்.

ஸ்டீரிங் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் மட்டுமே பாக்ஸைத் தொட வேண்டும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் புழுத்திருகின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். ஆகவே முன்சக்கரங்களைத் தூக்கி நேராக நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்ப்பது அவசியம். நடுவில் துளி ஆட்டமும் இல்லாமல் இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். பாக்ஸுக்கு உரியது கியர் ஆயில். கசிவுக்குப் பயந்து கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. பற்கள் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்ப வந்து சேராது.

அம்பாசிடரிலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இந்த பாக்ஸே கிடையாது, ரேக்-பினியன் அமைப்புதான். ரேக்கைப் பினியனோடு அழுத்தும் டாம்பரின் மூடிக்கடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்தால் ஆட்டம் குறையும். ரப்பர் பூட் கிழிந்து மண் புகுந்திருந்தால் ஷிம்மால் பயனில்லை. 2014 வரை தயாரான வண்டி என்பதால் அம்பாசிடருக்கு உதிரிபாகத் தேடல் அவ்வளவு கடினமல்ல.

டை ராட் எண்ட் மாற்றினால் வீல் அலைன்மெண்டும் மாறிவிடும், அதையும் பார்த்தாக வேண்டும். கடைசிச் சோதனை ஓட்டத்தில்: வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் ஸ்டீரிங் தானே நேருக்கு வர வேண்டும். வராமல் முரண்டு பிடித்தால் பாக்ஸின் திருகு இறுகிவிட்டது. கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.