மகளுக்கு ஒரு மாவலி

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வடமாவட்டக் கிராமங்களில் அகல் விளக்கோடு இன்னொரு நெருப்பும் உண்டு. அதுதான் மாவலி. பட்டாசு மருந்து எதுவும் இல்லாமல், பனம்பூக் கரியை வைத்து வீட்டிலேயே செய்வது. கயிற்றில் கட்டிச் சுழற்றினால், ஆளைச் சுற்றிப் பொன்னிறப் பொறிகள் வட்டமாகக் கொட்டும்.

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கம். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றியதும் எங்கள் தெருவிலும் விளக்கு வைப்பார்கள். பிள்ளைகள் மாவலியோடு களத்துமேட்டுக்கு ஓடுவோம். எனக்கு அப்பாதான் கட்டிக் கொடுப்பார். சென்னையில் வளரும் என் மகளுக்கு, சுற்றுவதோடு அதைச் செய்யும் வேலையும் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தீபத்துக்குச் சில நாள் முன்னதாகவே அவளை ஊருக்கு அழைத்துப் போனேன்.

முதல் வேலை, ஆண் பனையின் அடியில் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் பூக்கதிர்களைப் பொறுக்குவது. விரல் பருமனில் நீள நீளமாக இருக்கும். சிறு குழி வெட்டி அவற்றை அடுக்கிக் கொளுத்த வேண்டும். நன்றாகக் கனன்றதும் ஈரச் சாக்கைப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். புகாவிட்டால்தான் கரி நிற்கும். மறுநாள் குழியைத் திறந்ததும், பூவின் செதில்கூடக் கலையாமல் கன்னங்கரேலென்று கிடந்த கதிரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

அதை அம்மியில் நுணுக்கிச் சலித்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டி, நூலால் இறுகக் கட்ட வேண்டும். பருத்தித் துணிதான் ஆகும். பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும். பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே அந்தப் பொட்டலத்தை வைத்துக் கட்டி, கயிறு கோக்க வேண்டும். நுனியில் ஒரு கங்கை வைத்துச் சுழற்றினால், காற்றுப் பட்டுக் கரி கனன்று, துணி கருகிய இடம் வழியாகப் பொறியாகச் சிதறும். வைக்கோல்போர், கூரை இல்லாத வெட்டவெளியில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, வாளித் தண்ணீரோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

"கைய நல்லா நீட்டிச் சுத்துடா கண்ணு" என்று அப்பா சொல்லச் சொல்ல, பயம் தெளிந்து அவள் சுற்றினாள். தன் கையால் நுணுக்கிய கரி அது என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

ஆனால் இந்த விளையாட்டுக்கு ஆண் பனை வேண்டுமே! எங்கள் ஊரில் காய்க்காத மரம் என்று அதைத்தான் முதலில் வெட்டினார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இருக்கும் மரங்களுக்கு அது காவல். புது மரத்துக்கு நாம்தான் கொட்டை ஊன்ற வேண்டும்.

"தாத்தா, ஆண் பனங்கொட்டை எது?" என்று கேட்டாள் மகள்.

"பூத்தாத்தான் ஆணா பொண்ணான்னு தெரியும்மா."

பனை பூவெடுக்க 12, 15 ஆண்டுகளாவது ஆகும். அதனால் ஒன்றிரண்டு ஊன்றினால் போதாது. ஏரிக்கரையில், வரப்பில் வரிசையாக ஊன்றுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மாவலி கட்டும்போது அந்த வரிசையில் சில ஆண் பனைகளாவது பூத்திருக்கும்.