ஆகஸ்ட் ஆறாம் தேதியில் நிறுத்திய விமானம்

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனுக்குச் சற்றுத் தொலைவில், வர்ஜீனியா மாநிலத்துச் சாண்டிலி என்னும் ஊரில், ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தார் விமானங்களுக்கென்றே எழுப்பியிருக்கும் பிரம்மாண்டமான பொருட்காட்சிசாலையில், இறக்கைக்கு இறக்கை 43 மீட்டர் அகலமும் மூக்கிலிருந்து வால்வரை 30 மீட்டர் நீளமும் கொண்ட பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று, வர்ணம் பூசாத அலுமினிய உடம்பு பளபளக்க நின்றுகொண்டிருக்கிறது. விமானியின் ஜன்னலுக்குக் கீழே ‘எனோலா கே’ என்று எழுதியிருக்கிறது. அதை ஓட்டிச் சென்ற கர்னல் பால் டிப்பெட்ஸின் தாயார் பெயர் அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை எட்டேகால் மணிக்கு ஹிரோஷிமா நகரத்தின் மேல் அணுகுண்டை வீசியது இந்த விமானந்தான்.

இத்தனை பிரசித்தி பெற்ற விமானம் தொடக்கமுதலே சிரத்தையுடன் காக்கப்பட்டிருக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். உண்மை அப்படியில்லை. 1949 ஜூலையில் டிப்பெட்ஸே அதை ஓட்டிச் சென்று ஸ்மித்ஸோனியனிடம் ஒப்படைத்தார். ஆனால் அவ்வளவு பெரிய யந்திரத்தை வைக்க அவர்களிடம் இடமில்லை. 1953 டிசம்பரில் கடைசித் தடவையாகப் பறந்து, மேரிலாந்தில் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கிய அது, 1960 வரையில் திறந்தவெளியில் மழையிலும் பனியிலும் கிடந்தது. பறவைகள் உள்ளே கூடு கட்டின; ஞாபகார்த்தமாக ஏதேனும் கிடைக்குமா என்று உள்ளே நுழைந்தவர்கள் கைக்கு அகப்பட்ட கருவிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஸூட்லண்ட் என்ற இடத்துக் கிடங்கில் அடுக்கினார்கள். அங்கே இருபது வருஷங்களுக்கு மேல் தூங்கிய பின், 1984 டிசம்பரில்தான் புனருத்தாரண வேலை ஆரம்பமாயிற்று.

ஏறக்குறைய 3,00,000 மணி நேர உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது. அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு ஏறி உதிர்வதில்லை. ஈரமும் பறவை எச்சமும் தங்கிய இடங்களில் வெண்பொடி பூத்து, உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, அரிப்பைச் சுரண்டி, மேலும் பரவாதபடி காப்பிட்டு, மீண்டும் பொருத்த வேண்டும். அதைவிடக் கடினம், எந்த நாளின் விமானமாக அதைத் திருப்புவது என்று நிச்சயிப்பது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலையில் எப்படி இருந்ததோ அப்படியே என்று தீர்மானித்தார்கள். ஒரே ஒரு கனத்த குண்டைச் சுமப்பதற்காக வாலில் உள்ளவற்றைத் தவிர மற்றத் துப்பாக்கிகளையெல்லாம் நீக்கியிருந்த அந்த விசேஷ அமைப்பு அவ்வாறே மீண்டது.

இந்த இடத்தில் என் மனம் சமுத்திரம் தாண்டி ஹிரோஷிமாவுக்குப் போய்விடுகிறது. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயுள்ள தரையிலிருந்து 160 மீட்டர் தூரத்தில், செக் தேசத்துக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸெலின் அமைப்பில் 1915-இல் எழுந்த கட்டடம் ஒன்று, கோபுரத்தின் இரும்பு விலா எலும்புகளுடன் இன்றும் நிற்கிறது. அதை என்றென்றும் காப்பது என்று 1966-இல் நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது. வெடிப்புகளில் ரெசின் பசையைச் செலுத்தியும், உள்ளே எஃகுத் தாங்கிகள் கொடுத்தும், இடிந்தது இடிந்தபடியே நிற்குமாறு பாதுகாத்து வருகிறார்கள். அங்கே ஒரு சுவடுகூட அழியலாகாது என்பதற்காகப் பாடுபடுகிறார்கள். இங்கே ஒரு சுவடுகூடத் தங்கலாகாது என்று பாடுபட்டார்கள். இரண்டு பிரயத்தனங்களும் குறிவைத்தது ஒரே காலைப்பொழுதைத்தான். ஒன்று எட்டேகாலுக்கு முந்தியது, மற்றொன்று பிந்தியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த நாள் பூர்த்தியாகும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிச் சேர்த்துக் காட்டும் ஒரு முயற்சியும் நடந்தது. யுத்தம் முடிந்த ஐம்பதாவது ஆண்டான 1995-இல், விமானத்தின் முன்பாகத்தோடு, ஹிரோஷிமாவில் கிடைத்த பொருள்களையும் வைக்க ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தார் திட்டமிட்டார்கள். பள்ளிச்சிறுமி ஒருத்தியின் கருகிப்போன சோற்றுப் பெட்டியும் அவற்றில் ஒன்று. பழைய போர்வீரர்களின் சங்கங்கள் கடுமையாக ஆட்சேபித்தன. ஜப்பான் மேல் படையெடுப்பதற்காகக் காத்திருந்து, குண்டினால் தங்கள் உயிர் தப்பியதாக நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை அலட்சியமாகத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. செனட் சபையும் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. 1995 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்மித்ஸோனியன் விமானக் காட்சிசாலையின் டைரக்டர் மார்ட்டின் ஹார்விட் மே மாதத்தில் ராஜிநாமா செய்தார். சோற்றுப் பெட்டி இல்லாமலே விமானத்தின் ஒரு பகுதி மட்டும் காட்சிக்கு வந்தது.

2003-இல் சாண்டிலியில், 1960-க்குப் பிறகு முதல்முறையாக, விமானம் முழு உருவத்தில் கூடி நின்றது. அப்போது வைத்த பலகை அதன் அளவையும் எஞ்சின்களையும் திறமையையும் பற்றி விரிவாகப் பேசிற்று; மாண்டவர்களின் தொகையை மட்டும் சொல்லவில்லை. அறிஞர்கள் பலர் விண்ணப்பித்தும், எல்லா விமானங்களுக்கும் எழுதுகிற முறையில்தான் இதற்கும் எழுதியிருப்பதாக நிர்வாகம் பதில் சொல்லிவிட்டது. பொதுவிதி என்ற அளவில் அதைக் குறைகூற முடியாது. ஆயினும் இந்த விமானத்தை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது அதன் சரித்திரத்துக்கே பொருந்தவில்லை. 1945 முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டார்கள் என்பது ஹிரோஷிமா நகரத்தாரின் மதிப்பீடு. இறக்கையின் அகலத்தைச் சொல்லும் பலகையிலேயே இந்த எண்ணையும் எழுத வேண்டும். குண்டினால் பிழைத்தோம் என்ற வீரர்களின் வாதத்தையும் அதன் பக்கத்திலேயே, சுருக்காமல் எழுத வேண்டும்.