உடற்கல்வி: ஐந்தாம் படிவத்தோடு முடிகிற பாடமா?

மலாய் மொழியில் ஆயர் தாவார் என்றால் நன்னீர் என்று பொருள். பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அருகில் இருக்கும் இந்தச் சிறு பட்டணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அந்தத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. விடியற்காலையில் அப்பா, அம்மாவோடு வெட்டுக்குப் போய் மங்கு துடைப்பதும், பால் வாளி தூக்குவதும், பள்ளிக்கு நடந்து போவதும், மாலையில் தோட்டத் திடலில் பந்து உதைப்பதும், சடுகுடு ஆடுவதும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. உடம்பு தானாகவே உறுதிப்பட்டது.

இன்று நிலைமை வேறு. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயன் வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில் குடியேறிவிட்டன. வீட்டு வாசலிலிருந்து பள்ளி பஸ், பள்ளியில் நாற்காலி, பிறகு டியூஷனில் இன்னொரு நாற்காலி, இரவில் கைப்பேசி. பதினாறு வயது நிறைந்ததும் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்துவிட்டால், எஞ்சியிருந்த நடையும் சைக்கிளும் அன்றோடு நின்றுவிடுகின்றன. முக்குக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதற்கும் கப்சாய்தான்.

ஆக, பல பிள்ளைகளுக்கு வாரத்தில் வியர்வை சிந்தும் ஒரே நேரம் பள்ளியின் உடற்கல்வி நேரம்தான். பிள்ளைகள் 'பி.ஜே.' என்று சொல்லும் அந்தப் பாடத்தைப் பெற்றோர் பலர் ஒரு பாடமாகவே கருதுவதில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது.

இந்தியர் வீடுகளில் இனிப்பு நீர்

இது ஏன் கவலைப்பட வேண்டிய விஷயம்? சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்தவரையும் விட இதுவே அதிகம். அதே ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்றும் தெரிந்தது. 2023 ஆய்வில் எடை கூடியவர்களின் விகிதம் 54.4 விழுக்காடாக உயர்ந்தது.

நீரிழிவு திடீரென்று நாற்பது வயதில் வந்து கதவைத் தட்டுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. சாப்பிட்ட சோற்றிலிருந்தும் குடித்த தே தாரிக்கிலிருந்தும் ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது தசைகளே. உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உழைக்காத தசையோ மெல்ல மெல்ல இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. குடும்பத்தில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நீரிழிவு இருந்தால், பிள்ளையின் பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால் பிள்ளையின் தசைகளுக்கு வேலை கொடுக்க முடியும்.

எலும்புக்கும் இதே கதைதான். எலும்பின் வலு பெருமளவு சேர்வது பதின்ம வயதில். குதிப்பதும் ஓடுவதும் அந்தச் சேமிப்பைக் கூட்டுகின்றன. வயதான காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும், பதினான்கு வயதில் ஓடாமல் உட்கார்ந்திருந்ததற்கும் தொடர்பு உண்டு.

எவ்வளவு அசைவு போதும்?

ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம்.

அறுபது நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு விரைந்து நடக்க பதினைந்து நிமிடம், ஓய்வு வேளையில் பதினைந்து நிமிடம், மாலையில் பூப்பந்து அரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படிக் கணக்குப் போட்டால், வாரம் ஓரிரு முறை வரும் பி.ஜே. நேரம் மட்டும் போதாது என்பது உடனே விளங்கும். அந்தப் பாடத்தின் உண்மையான வேலை, மீதி நாட்களில் தானாக அசைவது எப்படி என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பதுதான்.

இங்கேதான் ஒரு குழப்பம் நேர்கிறது. விளையாட்டு வேறு, உடற்கல்வி வேறு. பள்ளிக் குழுவுக்கு ஓடுகிறவர்கள் பதினைந்து பேர் என்றால், நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் நானூறு பேர். பதக்கம் வாங்கும் பதினைந்து பேரை விட, உட்கார்ந்திருக்கும் அந்த நானூறு பேருக்கே உடற்கல்வி அதிகம் தேவை.

செகாக் சோதனை சொல்லும் சேதி

கல்வியமைச்சு 2008 முதல் பள்ளிகளில் நடைமுறைப்படுத்திய 'செகாக்' எனும் உடல் உறுதிச் சோதனை, ஆண்டுக்கு இரு முறை நடத்தப்படுகிறது. நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரையிலான மாணவர்கள் இதில் பங்கேற்கின்றனர். இதில் நான்கு அங்கங்கள் உண்டு.

முதலாவது, மூன்று நிமிடம் தாளத்திற்கு ஏற்பப் பலகையில் ஏறி இறங்குவது. முடிந்ததும் நாடித்துடிப்பு எண்ணப்படும். இதயம் வலுவாக இருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். துடிப்பு எவ்வளவு குறைவோ, மதிப்பெண் அவ்வளவு அதிகம்.

இரண்டாவது, ஒரு நிமிடத் தண்டால். இது தோள், மார்பு, கைகளின் வலுவைக் காட்டுகிறது. மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மேலுடம்பைப் பாதி தூக்குவது. வயிற்றுத் தசையின் தாங்கும் சக்தியை இது சோதிக்கிறது. நாற்காலியில் கூனி உட்காரும் பிள்ளைக்கு முதுகுவலி வராமல் காப்பதில் இந்தத் தசைக்கும் பங்கு உண்டு. நான்காவது, கால்களை நீட்டி உட்கார்ந்து கைகளை முன்னே எட்டுவது. தொடையின் பின்பகுதியும் இடுப்பும் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்று இது காட்டும்.

இவற்றோடு உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரு முறை வகுத்தால் உடல் எடைக் குறியீடு கிடைக்கும். 1.60 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 23.4. வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோலை வைக்கக்கூடாது. வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணை வகுப்பில் உரக்கப் படித்துக் கேலிக்கு இடம் தருவதை விட, பிள்ளையிடம் தனியாகச் சொல்வதே நல்லது. ஒரு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை, அடுத்த முறை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும்.

செகாக் மற்றவரோடு போட்டியிடும் ஓட்டமல்ல. மாணவர் முந்தைய சோதனையில் தாம் எடுத்த எண்ணோடுதான் போட்டியிடுகிறார். எட்டுத் தண்டால் எடுத்தவர் அடுத்த சோதனையில் பன்னிரண்டு எடுத்தால், அதுவே வெற்றி. முடியாதவர் முதலில் சுவரில் கை ஊன்றிப் பழகலாம், பிறகு முழங்காலைத் தரையில் வைத்து, அதன்பின் முழுமையாக. வீட்டுப் படிக்கட்டே ஏறி இறங்கும் பலகை. காசு எதுவும் செலவில்லை.

பெண் பிள்ளைகள் ஏன் ஒதுங்குகிறார்கள்?

2016-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, 11 முதல் 17 வயதுடைய ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் போதிய அளவு இயங்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஓட்டமும் ஆட்டமும்?" என்ற கேள்வி இன்னும் சில வீடுகளில் ஒலிக்கத்தான் செய்கிறது. மாதவிலக்கு நாட்களில் அசையவே கூடாது என்ற எண்ணமும் உண்டு. கடும் வலி இல்லாதபோது மிதமான உடற்பயிற்சி கெடுதல் செய்யாது. சிலருக்கு வலியைக் குறைக்கவும் செய்யும்.

அப்படி நினைக்கும் பெற்றோர் எம். ராஜமணியை நினைத்துப் பார்க்கலாம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்த அவர், 1966 பேங்காக் ஆசியப் போட்டியின் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் பெற்றார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியப் பெண்ணால் முடிந்தது, இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் முடியாது?

தேர்வு ஆண்டில் திடலை மறக்கலாமா?

எஸ்.பி.எம். நெருங்கும்போது பி.ஜே. நேரத்தைக் கணிதத்திற்குக் கொடுத்துவிடும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. பெற்றோரும் அதை வரவேற்கின்றனர். ஆனால் உடல் இயக்கம் தூக்கத்தைச் சீராக்குகிறது, மனஅழுத்தத்தைத் தணிக்கிறது, கவனத்தைக் கூட்டுகிறது. தேர்வு எழுதும் பிள்ளைக்கு இம்மூன்றும் தேவை.

படிப்பும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்பார்க்கு டாக்டர் எம். ஜெகதீசனே பதில். பேராக்கில் பிறந்த அவர் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள் நிலைத்தது. அதே மனிதர் மருத்துவம் படித்து, சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார்.

வெயிலில் கவனம்

நம் நாட்டு வெயிலையும் மறந்துவிடக்கூடாது. 2023-இல் வெப்பம் கடுமையானபோது கல்வியமைச்சு பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. காலை பத்து மணிக்கு மேல் வரும் பி.ஜே. நேரத்தை மண்டபத்திலோ மரநிழலிலோ நடத்தலாம். தண்ணீர் போத்தல் கட்டாயம் இருக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே நிறுத்தி, உடலைக் குளிர வைத்து, மருத்துவ உதவி நாட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

பள்ளி மணி நின்ற பிறகு

ஐந்தாம் படிவம் முடிந்ததும் பி.ஜே. சட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. கால்பந்துக்கு இருபத்திரண்டு பேர் வேண்டும். வேலைக்குப் போனபின் அத்தனை பேர் கூடுவது கடினம். ஆகவே, தனியாகவோ இருவராகவோ ஆயுள் முழுக்கச் செய்யக்கூடிய ஒன்றைப் பள்ளிப் பருவத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. விரைவு நடை, சைக்கிள், நீச்சல், பூப்பந்து, சிலம்பம், யோகா என எதுவாகவும் இருக்கலாம். பிடித்ததைத்தான் மனிதன் தொடர்ந்து செய்வான்.

ஈப்போ கல்லுமலைக்குத் தைப்பூசத்தன்று வெறுங்காலோடு நடக்கும் கால்கள், மற்ற 364 நாட்களும் நடக்க மறுப்பதற்குக் காரணம் இயலாமையல்ல, பழக்கமின்மைதான். அந்தப் பழக்கத்தை வீட்டில்தான் தொடங்க வேண்டும். இரவு உணவுக்குப் பிறகு அப்பாவும் மகனும், அம்மாவும் மகளும் தாமானை இரண்டு சுற்று நடந்து வரட்டும். நடக்கும் நேரத்தில் பேச்சும் நடக்கும். பிள்ளைக்கு அது நாளைய உடல்நலத்துக்கான சேமிப்பு. நாற்பதைக் கடந்த அப்பாவுக்கு அது இன்றைக்கே தேவையான மருந்து.